முற்றத்தில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள்: காரைக்குடியில் ஒரு ஸ்டண்ட் சாமான் வாடகைச் சேவை

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் உள்ள எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் பொறுப்பு எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய்ச் சம்பாதித்த காசில் கட்டிய வீடு அது. பங்காளிகள் பதினோரு பேரில் ஊரோடு இருப்பவர்கள் நாங்கள் மட்டுமே. வாடகை வந்தால்தான் அடுத்த மழைக்குள் ஓடு மாற்ற முடியும் என்பதால், கல்யாணக் காட்சி, சாவுக் காட்சி, பேய்க் காட்சி என்று யார் எதற்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவோம். சண்டைக் காட்சிக்கு மட்டும் நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். காரைக்குடி செக்காலை சாலைப் பக்கத்தில் ஒரு குடோன் வைத்து, விழுவதற்கான பெட், ஆளைத் தூக்கும் ரோப், உடம்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டை முதலானவற்றை வாடகைக்குக் கொடுக்கும் பெரியவரை அழைத்து வந்தால், முற்றத்தைச் சுற்றிய உள்வீடான வளவின் கதவு திறக்கும். இல்லையென்றால் முகப்போடு சரி. அவருடைய சேவையைச் சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் கிட்ட இருந்து பார்த்தேன். என்னைப் போல வீடு விடுபவர்களுக்கும், இந்தப் பக்கம் படம் எடுக்க வரும் சிறிய யூனிட்டுகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

குடோனுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ‘பெட்டுக்காரர் குடோன்’ என்று கேட்டால் பக்கத்து டீக்கடையில் கை காட்டுவார்கள். பெட்டுக்காரருக்கு வயது அறுபத்து மூன்று, திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். இருபத்தாறு ஆண்டுகள் கோடம்பாக்கத்தில் ஃபைட்டராகவும் டூப்பாகவும் இருந்துவிட்டு, இடது முட்டி மடங்காமல் போனபின் ஊர் திரும்பியவர். நாற்காலியில் உட்காரும்போது அந்தக் காலை நீட்டி, எதிரே ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவரிடம் மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் இருவர் சிலம்பம் ஆடுபவர்கள்.

உள்ளே போனவுடன் கண்ணில் படுவது சாமான்கள் அல்ல, சுவர். வழக்கமாக விலைப்பட்டியல் மாட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் சில மாதங்களும் ஆண்டுகளும் எழுதியிருக்கின்றன. பெயர் எதுவும் இல்லை. 1980 நவம்பர் என்பது சோழவரத்தில் ஹெலிகாப்டரில் தொங்கி நடித்த மலையாள நடிகர் ஜெயன் இறந்த மாதம். 2016 நவம்பர் என்பது பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ஹெலிகாப்டரிலிருந்து மிதவை அங்கி இல்லாமல் குதித்த இரண்டு கன்னட நடிகர்கள் மூழ்கிய மாதம். 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே ரோப் அறுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் விழுந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் ஒருவர் ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து விழுந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பறந்து கவிழும் காட்சியை எடுக்கும்போது, அந்தக் காரை ஓட்டிய ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். வாடகை பேச வருகிறவர்களின் முகம் அந்தச் சுவரைப் பார்க்கும்படியாக நாற்காலிகளைப் போட்டிருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நான் இந்த நிபந்தனையை வைத்ததற்குக் காரணம், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த வேறொரு யூனிட். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வளவில் கதாநாயகன் அடித்து ஒருவன் வழுக்கிக்கொண்டு போய்த் தூணில் மோத வேண்டும் என்பது காட்சி. ஆத்தங்குடிக் கல் தரையின் தன்மை, அதில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சிமெண்ட் கல் அது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். நாங்கள் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்த தரையில், இன்னும் நன்றாக வழுக்கட்டும் என்று அவர்கள் வேறு எதையோ தெளித்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போய், முழங்கை முதலில் படும்படி தூணின் கருங்கல் அடியில் மோதினான். கை திரும்பி நின்ற கோணத்தை நான் பார்த்தேன். யூனிட்டில் டாக்டரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரம் ஏற்றி வந்த வேனில் அவனை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் கொண்டு போனார்கள். கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். படம் வந்தபோது அந்தப் பையனின் கையைத் தேடித்தான் திரையரங்குக்குப் போனேன். அவன் வழுக்கிய காட்சி இரண்டு நொடி இருந்தது. மோதிய இடம் வெட்டப்பட்டு, அங்கே கதாநாயகனின் முகம் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு உடைந்த ஆத்தங்குடிக் கல் நான்கு. அதற்கான பணத்தை மட்டும் மறுநாளே சரியாகக் கொடுத்துவிட்டார்கள்.

படப்பிடிப்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஏவி. மெய்யப்பன் சென்னையில் ஏவி.எம். ஸ்டுடியோவை அமைப்பதற்கு முன் காரைக்குடியில்தான் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-இல் வெளிவந்த அவருடைய படம் இங்கே எடுத்ததுதான். அப்போது சண்டைக் காட்சிக்கு என்ன விரித்தார்கள் என்று என் மாமியாரிடம் ஒரு முறை கேட்டேன். வைக்கோலைத் தவிர வேறென்ன விரித்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். வைக்கோலிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைப் பெட்டுக்காரர் வந்தபின்தான் புரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் வந்த யூனிட்டுக்கு வேண்டியிருந்தது, மாடி வராந்தாவிலிருந்து ஒருவன் முற்றத்துக்குள் மல்லாந்து விழும் காட்சி. உயரம் 14 அடி. பெட்டுக்காரர் முதல் நாள் மாலையே நூல் குண்டு போட்டு அளந்துவிட்டு, என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். வங்கியில் முப்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்தவள் என்பதால் வீட்டில் உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. 14 அடியிலிருந்து விழுகிறவர் ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடுகிறார். வந்து சேரும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். 20 அடி என்றால் 39. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. சிமெண்ட் தரையில் அது ஒன்றிரண்டு அங்குலத்துக்குள் அடங்குவதால் முதுகெலும்பு நொறுங்குகிறது. இரண்டடி நசுங்கிக் கொடுக்கும் ஏதோ ஒன்று அடியில் இருந்தால், அதே வேகம் அந்த இரண்டடி தூரத்துக்குப் பரவிக் கரைகிறது. வைக்கோல் செய்ததும் அதைத்தான். ஆனால் வைக்கோல் எந்த இடத்தில் எவ்வளவு அமுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே அதிலுள்ள கோளாறு.

அவர் அடுக்கியவை அட்டைப் பெட்டிகள். மறுநாள் குட்டியானை வண்டியில் 180 பெட்டிகள் மடித்த நிலையில் வந்து இறங்கின. பிஸ்கட்டும் சோப்பும் வந்த பெட்டிகள், காரைக்குடி மொத்தக் கடைகளில் எடைக்கு வாங்கியவை. பையன்கள் ஒவ்வொன்றாக விரித்து, கம்பிப் பின் இருந்தால் பிடுங்கிப் போட்டு, அடிப்பக்கத்தை மட்டும் டேப்பால் ஒட்டி, மேல் மூடிகளை உள்ளே மடக்கிவிட்டார்கள். மூடிகளையும் ஒட்டிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று பெட்டியைப் பந்து போல ஆக்கி, விழுகிறவரைத் தூக்கியடிக்கும் என்றும், திறந்திருந்தால்தான் காற்று வெளியேறிப் பெட்டி அமைதியாக நசுங்கும் என்றும் விளக்கம் சொன்னார். ஓர் அடுக்குக்கு இருபது பெட்டி, மொத்தம் மூன்று அடுக்கு. சுற்றிலும் கயிறு கட்டி, மேலே இரண்டு ஃபோம் பெட், அதன் மேல் தார்ப்பாய். முடிந்ததும் எழுபது கிலோ மணல் மூட்டையை மேலிருந்து தள்ளச் சொன்னார். மூட்டை விழுந்த சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “டொப்புன்னு வந்தா சரி ஆச்சி, டம்முன்னு வந்தா எங்கேயோ பெட்டி விலகியிருக்கு” என்றார். அன்று முதல் முறை ‘டம்’ என்றே வந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தபோது நடு அடுக்கில் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

ஒரு முறை விழுந்தால் நடுவில் உள்ள பெட்டிகள் நசுங்கிப்போகும். அவற்றை மீண்டும் பயன்படுத்த அவர் விடுவதில்லை, மூன்று அடுக்கையும் மாற்றிவிடுகிறார். அதனால் வண்டியில் வந்த 180 பெட்டி என்பது மூன்று விழுகைக்கான கணக்கு. யூனிட்டோடு பேசும்போதே, “மூணு தடவை. நாலாவது கிடையாது” என்று சொல்லி, ஒப்பந்தத் தாளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். இதற்கான வாடகையையும் நாள் கணக்கில் வாங்குவதில்லை; விழுகைக் கணக்கில்தான் வாங்குகிறார். இதை முதலில் ஒரு வியாபாரத் தந்திரம் என்றே நினைத்தேன். படப்பிடிப்புத் தளத்தில் ‘ஒன் மோர்’ என்ற சொல்லை எத்தனை முறை கேட்க முடியும் என்று தெரிந்தவர்களுக்கு, இந்தக் கணக்கின் அருமை விளங்கும். நடிகர் முகம் திருப்பியது பிடிக்கவில்லை, ஃபோகஸ் தவறிவிட்டது, பின்னால் ஒரு காக்கை பறந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒன் மோர்தான். வசனத்துக்குச் சொல்லும் ஒன் மோரும், ஆள் விழுவதற்குச் சொல்லும் ஒன் மோரும் ஒலிபெருக்கியில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன.

விழ வேண்டிய தம்பிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். மேலே ஏறுவதற்கு முன் பெட்டுக்காரர் அவனைத் திருமணத்துக்கு மாப்பிள்ளையைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ்வரை பார்த்தார். காதுக் கடுக்கன், விரல் மோதிரம், வெள்ளிக் காப்பு, பையில் இருந்த சாவி, போன் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லித் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். மோதிரம் எங்காவது மாட்டினால் விரலின் தோல் உறை போலக் கழன்று வந்துவிடும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது, என் கை தானாகவே என் மோதிரத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு அவனுடைய மோவாயைத் தன் கையாலேயே நெஞ்சோடு சேர்த்து அழுத்திக் காட்டினார். மல்லாந்து விழும்போது தலை பின்னால் போனால் கழுத்து போய்விடும். காலை ஊன்ற நினைத்தால் முட்டி போய்விடும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். காலை ஊன்றியதால்தான் தன் இடது முட்டி போனது என்பதை அவர் அந்த இடத்தில் சொல்லவில்லை. மாலையில் நான் கேட்டபின் சொன்னார்.

அந்தத் தம்பி வராந்தாக் கைப்பிடியின் மேல் முதுகைக் காட்டி நின்றபோது, கீழிருந்து பார்த்த எனக்கு அவனுடைய குதிகால்கள் மட்டும் தெரிந்தன. விழுந்தான். ‘டொப்’ என்றது. தார்ப்பாய்க்குள் புதைந்தவன் உடனே எழவில்லை. எழக் கூடாது என்பது ஏற்பாடு. பெட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து, கால் விரலை அசைக்கச் சொல்லி, கை விரலை அசைக்கச் சொல்லி, பெயரைச் சொல்லச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தார். இயக்குநர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில், விழுந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெட்டுக்காரரும் ஸ்டண்ட் மாஸ்டரும்தான்.

ரோப் வேலையிலும் அவருடைய கறார் அப்படியே. சண்டையின் வேறொரு பகுதியில் ஓர் ஆள் முற்றத்தின் குறுக்கே பறக்க வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர், முற்றத்தின் இருபுறமும் உள்ள தேக்குத் தூண்களில் கயிறு கட்டிவிடலாம், இவ்வளவு பெரிய வீட்டையே தாங்குகிற தூண் ஓர் ஆளைத் தாங்காதா என்று கேட்டார். கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது. பெட்டுக்காரர் பின்கட்டில் என் துணிக் கொடியைக் காட்டி, “ஈர வேட்டியைக் கொடி நடுவுல போட்டா ஆணி பிடுங்கிக்கிட்டு வருதா இல்லையா?” என்றார். தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் நிறுத்தியது. பக்கவாட்டு இழுப்புக்கு அது பழகவில்லை. இரு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிற்றின் நடுவில் ஆள் தொங்கும்போது, கயிறு எவ்வளவுக்கெவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு இழுப்பு கூடுகிறது. இரண்டு கயிறுகளுக்கும் நடுவே 120 பாகைக் கோணம் இருந்தாலே ஒவ்வொரு கயிறும் அந்த ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டியிருக்கும். அதைவிட மட்டமானால் பல மடங்கு. எங்கள் தூணுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அவர் தன்னுடைய இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து, அடியில் கோணியும் ரப்பரும் வைத்துத் தரையில் கீறல் விழாமல் நிறுத்தி, அதிலேயே கப்பியை மாட்டினார். ஆணி அடிக்கக் கேட்கவேயில்லை. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவருடைய பையன்களே யூனிட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்த எஃகுக் கயிற்றை, மாட்டுவதற்கு முன் ஒரு பழைய வேட்டித் துண்டால் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவுகிறார். கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இழை அறுந்து நின்றாலும் துணியில் நூல் பிடிக்கும். பிடித்தால் அந்தக் கயிற்றைத் தூக்கி எறிவதில்லை. முழ நீளத் துண்டுகளாக வெட்டுகிறார். எறிந்ததை யாராவது எடுத்து வேறொரு படத்தில் மாட்டிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். குடோனில் ஒரு டிரம் நிறைய அந்தத் துண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தத் தேதியில் எத்தனை இழுப்பு இழுத்தது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்த வரையில் அவருடைய தொழிலில் ஒழுங்காக இருக்கும் கணக்கு அது ஒன்றுதான்.

முதல் விழுகை நன்றாக வந்தது. இரண்டாவதும் நன்றாகவே வந்தது. கேமராவில் ஏதோ சரியில்லை என்று ஒன் மோர் கேட்டார்கள். மூன்றாவது விழுகைக்குப் பெட்டிகளை அடுக்கி முடிக்கும் நேரத்தில் தூறல் விழுந்தது. ஐப்பசி மாதம், மேலே திறந்த முற்றம். ஐந்து நிமிடம்தான் தூறியிருக்கும். தார்ப்பாய் இருந்தும் தண்ணீர் ஓரமாக இறங்கி அடி அடுக்கைத் தொட்டுவிட்டது. பெட்டுக்காரர் குனிந்து புறங்கையால் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். நனைந்த அட்டை எதிர்ப்பே இல்லாமல் மடிந்துவிடும், மூன்று அடுக்கு இருப்பது போல் தெரிந்தாலும் இரண்டுதான் வேலை செய்யும் என்று சொல்லி, “இன்னைக்கு அவ்வளவுதான்” என்றார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் குரலை உயர்த்தினார். இன்னும் இரண்டு ஃபோம் பெட் போட்டால் போதாதா என்றார். பணம் கூடத் தருகிறேன் என்றார். அதையெல்லாம் எதிர்பார்த்துதான் நின்றிருந்தேன். நான் எதிர்பார்க்காதது அந்தத் தம்பி பேசியது. “பரவாயில்ல அண்ணே, நான் பண்ணிடுறேன்” என்று அவன் இரண்டு முறை சொன்னான். மேலே ஏறும் படியில் ஒரு கால்கூட வைத்துவிட்டான். முடியாது என்று சொன்னவனுக்கு அடுத்த படத்துக்கு அழைப்பு வராது என்பது அவனுக்கும் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்டண்ட் மாஸ்டரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் அடுத்த படம் வேண்டும். பெட்டுக்காரர் அவனுக்குப் பதில் சொல்லாமல், பையன்களைப் பார்த்துக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் பெட்டிகள் முற்றம் முழுவதும் சரிந்து கிடந்தன. விழுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. அந்தத் தம்பியின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை மேனேஜர் கவனித்திருக்க மாட்டார். அவர் என் பக்கம் திரும்பி, “நீங்களாவது சொல்லுங்க ஆச்சி” என்றார். ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் நானும் சொன்னேன்.

கடைசியில் இரண்டாவது டேக்கே போதும் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொன்னால், மறுநாளும் படப்பிடிப்பு நீளும், ஒரு நாள் வாடகை கூடுதலாக வரும் என்று நான் மனக்கணக்குப் போட்டுவிட்டிருந்தேன். அது நடக்கவில்லை.

மாலையில் இரண்டாம் கட்டில் காப்பி குடித்துக்கொண்டே அவர் பழைய கதைகளைச் சொன்னார். வடபழனியில் ஸ்டண்ட் கலைஞர் சங்கத்துக் கார்டு வாங்குவதற்கே கடன்பட்ட காலம். காலை ஐந்து மணிக்கு வண்டி வந்து நிற்கும், என்ன வேலை என்று தளத்துக்குப் போனபின்தான் தெரியும். சாதாரண அடிதடிக்கு நாள் சம்பளமும் பேட்டாவும். கண்ணாடி உடைப்பு, உயரத்து விழுகை, நெருப்பு போன்ற ரிஸ்க் ஷாட்டுக்குத் தனிப் பணம். அந்தத் தனிப் பணம்தான் ஆளைக் கெடுக்கும் என்றார். வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் எந்த உயரமும் சின்னதாகத் தெரியுமாம். தோள்பட்டை எலும்பு ஒரு முறை, விலா இரண்டு முறை, முட்டி கடைசி முறை. அடிபட்ட நாளுக்குச் சம்பளம் உண்டு; படுத்துக் கிடந்த மூன்று மாதத்துக்குக் கிடையாது. ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் ஒருவர் தொழில் என்ன என்று கேட்டு எழுதத் தொடங்கி, பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டாராம். 2025 விபத்துக்குப் பிறகு, இந்தி நடிகர் அக்‌ஷய் குமாரின் ஏற்பாட்டில் 600-க்கும் மேற்பட்ட ஸ்டண்ட் கலைஞர்களுக்குக் காப்பீடு இருப்பதாகச் செய்தி வந்ததைச் சொன்னபோது, நல்ல மனசு என்றார். ஒரு நடிகருக்கு மனசு வந்தால்தான் காப்பீடு என்பது என்ன கணக்கு என்றும் கேட்டார்.

தேசிய திரைப்பட விருதில் சண்டை அமைப்புக்கு 2017-இல்தான் இடம் கிடைத்தது. முதல் விருதைப் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கரில் 2027-இல் வெளிவரும் படங்களுக்கு, 2028 விழாவிலிருந்துதான் தரப்போகிறார்கள். இவற்றையெல்லாம் அவர் தேதியோடு தெரிந்து வைத்திருக்கிறார். தான் டூப் போட்ட படங்களின் பட்டியலையும் வைத்திருப்பார் என்று கேட்டேன். அது அவரிடம் இல்லை.

இனி குறைகள். காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவர் இரண்டு முறையுமே ஏழரைக்குப் பிறகுதான் வந்தார். போனை எடுப்பதில்லை, டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஃபோம் பெட்டில் பழைய வியர்வை நாற்றம், பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்கு. நசுங்கிய பெட்டிகளை முற்றத்து மூலையில் குவித்துவிட்டுப் போனவர், அவற்றை எடுக்க நான்கு நாள் கழித்து ஆள் அனுப்பினார். அதற்குள் மழையில் ஊறி, பிஸ்கட் பெட்டியின் சிவப்பு மை ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் இன்னும் லேசாகத் தெரிகிறது. ஜி.எஸ்.டி. பில் கிடையாது என்பதால் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும். நெருப்பு வேலையும் வண்டி வேலையும் எடுப்பதில்லை. இருபது ஃபைட்டர்களோடு வரும் பெரிய யூனிட்டுக்கு அவரிடம் உள்ள சாமான் பற்றாது. முதலுதவி தெரிந்த ஆளும் அவரிடம் இல்லை. ஆம்புலன்ஸை யூனிட்டே தனியாகப் பேசி வாசலில் நிறுத்தியாக வேண்டும் என்கிறார்; காரைக்குடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் என்பதால் அதில் அவர் பக்கம்தான் நியாயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பெண்களுக்கான ஹார்னஸ் இல்லாதது. ஆவணியில் வந்த யூனிட்டில் கதாநாயகிக்கு டூப்பாக ஒரு பெண் வந்திருந்தார். நம் படங்களில் பெண்ணுக்கு டூப்பாக ஆணுக்கே சவுரி வைத்துச் சேலை கட்டிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. இவர்கள் ஒரு பெண்ணை அழைத்து வந்ததற்காகவே அந்த யூனிட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆண் டூப் என்றால் தொளதொள சட்டைக்குள் முழங்கைக்கும் முதுகுக்கும் பேட் கட்டிக்கொள்ளலாம். பாவாடை தாவணியும் இறுக்கமான ரவிக்கையும் போட்ட பெண்ணுக்கு எதை எங்கே மறைப்பது? முழங்காலுக்கு மட்டும்தான் இடமிருந்தது. ஹார்னஸை மாட்டியபோது இடுப்புப் பட்டை கடைசித் துளை வரை இழுத்தும் நழுவியது. பெட்டுக்காரர் தூக்க மறுத்துவிட்டார், அதில் தவறில்லை. மதுரையிலிருந்து வேறொன்று வரவழைப்பதற்குள் நான்கு மணி நேரம் போயிற்று. அந்தப் பெண் அவ்வளவு நேரமும் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து, தன்னால்தான் தாமதம் என்பது போல எல்லோரிடமும் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கி வையுங்கள் அண்ணே என்று அன்றே சொன்னேன். ஐப்பசியில் கேட்டபோதும் வாங்கியிருக்கவில்லை.

வாடகை விவரம்: 14 அடி விழுகைக்கு, பெட்டி, பெட், ஆட்கள் உட்பட ஒரு விழுகைக்கு 4,500 ரூபாய்; ரோப், சட்டம், கப்பிக்கு நாளொன்றுக்கு 6,000; வண்டிச் சத்தம் தனி. மதுரையில் வெறும் ஃபோம் பெட்டை இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள், ஆனால் ஆள் வர மாட்டார். இந்தச் சேவையில் பெட்டைவிட ஆள்தான் முக்கியம் என்பதால், ஆள் வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொண்டு சாமானை மட்டும் கொடுங்கள் என்று யூனிட் பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மழைக்காலத்தில் முற்றத்தில் விழுகை வைப்பதாக இருந்தால், மேலே பந்தல் போடும் செலவையும் யூனிட்டிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெட்டிகளை அன்றைக்கே அள்ளிப் போகச் சொல்லுங்கள்.

பில்லை அவர் கையாலேயே, கயிற்றுக் கணக்கு எழுதும் அதே நாற்பது பக்க நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதிக் கொடுத்தார். யூனிட்டுக்கு ஒன்று, எனக்கு ஒரு நகல். முதல் விழுகை 4,500. இரண்டாம் விழுகை 4,500. மூன்றாவது வரியில் ‘விழவில்லை’ என்று எழுதி, தொகைக்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தார்.